தம்பியோடு பேசுவது முருகனா, நோயா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். தம்பிக்கு 21 வயது. சிங்கப்பூரில் எல்லாப் பையன்களும் போகும் கட்டாய ராணுவ சேவையான தேசிய சேவை முடித்து வந்தவன். நாலைந்து மாதமாகப் பூஜை அறையே கதி. முருகன் தன்னோடு பேசுகிறான் என்கிறான். ராத்திரி தூக்கமில்லை, கூட்டாளிகள் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா சாமி வந்திருக்கிறது என்கிறார். பெரியம்மாவுக்கு அது ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று, அல்லது யாரோ வைத்த செய்வினை. தமிழ்நாட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு கோயிலில் 48 நாள் தங்கவைத்தால் சரியாகிவிடும் என்கிறார். நீங்கள் மட்டும் இது நோய் என்கிறீர்கள். கூடவே, பக்தி முற்றினால் மூளை கலங்குமா, அவனைக் கோயிலுக்கே விடாமல் தடுக்கணுமா, வருகிற தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப்போவதாகச் சொல்கிறானே அதற்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளராக இருந்தவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவளும்தான். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாமியா நோயா என்று வீட்டுக்குள் ஒரு தீர்ப்பு வந்த பிறகுதான் டாக்டரிடம் போகவேண்டும் என்று விதி எதுவும் இல்லை. இந்த நாலைந்து மாதமும் அந்த வழக்கிலேயே போயிருக்கிறது. தூக்கமில்லை, மெலிந்துவிட்டான், பயப்படுகிறான். இதற்கு டாக்டரைப் பார்க்க முருகனைப் பொய்யாக்க வேண்டியதில்லை. அம்மாவும் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வழக்கு நடந்துகொண்டே இருக்கட்டும், நீங்கள் தேதி வாங்குங்கள்.

இனி விவரத்துக்கு வருகிறேன்.

பக்தி முற்றினால் மனநோய் வருமா? வராது. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரீனியாவோ அதைச் சேர்ந்த நோய்களோ பக்தியின் அளவைப் பார்த்து வருவதில்லை. இங்கே 2016இல் நடந்த தேசிய மனநல ஆய்வில் ஸ்கிசோஃப்ரீனியா உள்ளிட்ட சைக்கோசிஸ் வகை நோய்கள் (எது நிஜம் என்ற பிடி தளர்ந்து, இல்லாத குரல் கேட்பது போன்றவை) வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் வந்தவர்கள் 2.3 விழுக்காடு. அதாவது 43 பேரில் ஒருவர். கோயிலே கதி என்று இருப்பவர்கள் மட்டும் அதில் இல்லை, மதமே இல்லாதவர்களும் உண்டு. நோய் வந்தபின் அது எந்த மொழியில் பேசுகிறது என்பதில்தான் மதம் நுழைகிறது. நம் பையனுக்கு முருகன் பேசுவார், காளி மிரட்டுவாள். கிறிஸ்தவக் குடும்பத்துப் பையனுக்குச் சாத்தான். முஸ்லிம் வீட்டில் ஜின். கடவுளே இல்லை என்பவன் தன் போனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள், லிஃப்ட் கேமரா தன்னைத்தான் பார்க்கிறது என்பான். அந்தக் காலத்து நோயாளிகளுக்கு வானொலி பேசியது. உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

குடும்பங்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். “ஒரேயடியா சாமி கும்பிட ஆரம்பிச்சான், அப்புறம்தான் இப்படி ஆயிட்டான்” என்பார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். எது முக்கியம், எது சும்மா என்று பிரித்துப் பார்க்க மூளைக்கு உதவும் வேதிப்பொருள்களில் டோபமைன் ஒன்று. சைக்கோசிஸ் தொடங்கும்போது அந்தக் கணக்கு தவறத் தொடங்குகிறது. சும்மா இருக்கும் விஷயமெல்லாம் அர்த்தத்தோடு வந்து மோதும். லிஃப்டில் ஆறாம் மாடி விளக்கு எரிந்தால் ஆறுமுகன். புளோக்குக்குக் கீழே சேவல் கூவினால் தனக்கு வந்த தகவல். டிவியில் யாரோ வேல் என்று சொன்னால் தன்னைக் கூப்பிடுகிறார்கள். உலகம் இப்படித் திடீரென்று தன்னையே பார்த்துப் பேச ஆரம்பித்தால் யாருக்கும் பயம் வரும். பயந்த பிள்ளை எங்கே போவான்? பூஜை அறைக்குத்தான். அந்த மந்திரமும் விபூதியும் அவன் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட முதலுதவி. அதைப் பிடுங்கிவிட்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

தெக்கோங் விஷயமும் அப்படித்தான். ராணுவப் பயிற்சிக்குத் தெக்கோங் போகாத வீடு இந்த ஊரில் குறைவு, தெக்கோங் பேய்க்கதை தெரியாத ஆளும் குறைவு. பையன்கள் அங்கே போவது பதினெட்டு, பத்தொன்பது வயதில். ஆண்களுக்கு இந்த நோய் தலைகாட்டுவதும் பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவரை. இரண்டும் ஒரே வயதில் வருவதால், போன இடத்தில் எதுவோ பிடித்துக்கொண்டது என்று தோன்றுவது இயற்கை. பயிற்சியின் களைப்பும் தூக்கக் குறைவும், ஏற்கெனவே நோய்க்கான வாய்ப்பு உள்ளவனிடம் அதைச் சற்று முன்கூட்டியே வெளிக்கொண்டு வந்திருக்கலாம். அதற்குமேல் அந்தத் தீவைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

சரி, சாமி வருவது என்பதே நோயா? இதில் டாக்டர்களும் சறுக்குவதுண்டு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை நடந்து பாருங்கள். அலகு குத்தியவர்கள், கண் சொருகி ஆடுகிறவர்கள், தன்னை மறந்து நிற்கிறவர்கள் என்று எத்தனை பேர். வெளியூர் ஆள் ஒருவர் பார்த்தால் பாதிப் பேருக்கு நோய் என்று எழுதிவிடுவார். ஆனால் அவர்கள் வாரக்கணக்கில் விரதம் இருந்து அந்த நாளுக்காகத் தயாரானவர்கள். சுற்றி உறவும் பாட்டும் இருக்கிறது, எப்போது வரலாம், எப்போது இறங்கலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. டேங்க் ரோட்டில் அலகு எடுத்து, நெற்றியில் விபூதி வைத்தால் கண் திறக்கிறார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போகிறார்கள். போன வருடத்தைவிட மனம் லேசாக இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

மருத்துவமும் இதை ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடு ஒரு நம்பிக்கையைப் பிரமை என்று சொல்லும் முன், அந்த ஆளின் சமூகத்தில் மற்றவர்களும் சாதாரணமாக ஏற்கும் நம்பிக்கையா அது என்று பார்க்கச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேச நிலைக்கு ஒரு தனி இடம் உண்டு. ஆனால் சடங்கின் பகுதியாக, விரும்பி, சமூகம் ஏற்கும் விதத்தில் வருவதை அதில் சேர்க்கக்கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. ஆக, முருகனை நம்புவதோ, முருகன் அருள் இறங்கும் என்று நம்புவதோ பிரமைக் கணக்கில் வராது.

உங்கள் தம்பி விஷயத்தில் பார்க்கவேண்டியது வேறு. குரல் அவன் கூப்பிட்டா வருகிறது, இல்லை கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறதா? அவன் நிறுத்தச் சொன்னால் நிற்கிறதா? ஆறுதல் சொல்கிறதா, திட்டுகிறதா, சாப்பிடாதே என்கிறதா? வந்துபோன பின் அவன் பழையபடி ஆகிறானா, இல்லை நாளுக்கு நாள் குளியல், சாப்பாடு, பேச்சு என்று ஒவ்வொன்றாகக் கழன்று போகிறதா? கோயிலில் கூட்டத்தோடு இருக்கும்போது வருகிறதா, கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போதா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பதில்கள் எனக்குக் கவலை தருகின்றன. ஆனால் நோயின் பெயரைச் சொல்லவேண்டியவர் அவனை நேரில் பார்க்கும் மருத்துவர்தான், நான் இல்லை.

இன்னொரு ஆளையும் கேட்கலாம். கோயிலில் பல வருடம் சாமி ஆடிய பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் தம்பியைப் பேசவிடுங்கள். அசல் அருளை நெருங்கிப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியும். “இது நம்ம சாமி இல்லம்மா, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ” என்று பூசாரியே அனுப்பிவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நீங்கள் நூறு தடவை சொன்னாலும் அம்மா கேட்கமாட்டார். அவர் ஒரு தடவை சொன்னால் கேட்பார்.

இந்தச் சந்தேகம் நமக்குப் புதிதும் இல்லை. சங்க அகப்பாடல்களில் காதலால் மெலிந்த பெண்ணைப் பார்த்துத் தாய் பதறி வேலனை அழைப்பாள். அவன் வெறியாடி, முருகன் பற்றியிருக்கிறான் என்பான், ஆடு வெட்டச் சொல்வான். உண்மை தெரிந்த தோழியோ வேலனைக் கேலி செய்வாள். ஒரு பாட்டில், அவன் பேச்சைக் கேட்டு வந்து நிற்கும் முருகனையே அசடு என்கிறாள். முருகன்மேல் பக்தி இருந்த மக்கள்தான் இதைப் பாடி வைத்தார்கள்.

சைக்கோசிஸ் மட்டும்தான் பக்தி வேடம் போடும் என்றில்லை. மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் பைபோலார் நோயில் ஒருவர் மூன்று நாலு இரவு தூங்காமல், களைப்பும் இல்லாமல், தான் ஒரு அவதாரம் என்று அறிவித்து, சேமிப்பையெல்லாம் கோயிலுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். வாங்கிக்கொள்கிற இடம் கொஞ்சம் யோசித்தால் நல்லது. கடும் மனச்சோர்வில் நேரெதிராக, நான் பாவி, போன பிறவிக் கர்மம், சாமி என்னைக் கைவிட்டது என்று இருக்கும். அவரிடம் இன்னும் நல்லா சாமி கும்பிடு என்று சொல்வது, நீ சரியாகக் கும்பிடவில்லை என்று குற்றம் சாட்டுவதாகத்தான் அவர் காதில் விழும்.

வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை யாரும் நோய் என்றே நினைப்பதில்லை. பக்தி என்று பாராட்டுகிறார்கள். விளக்கு சரியாக ஏற்றவில்லையோ என்று பத்துத் தடவை ஏற்றுகிறவர், சுலோகத்தில் ஒரு எழுத்து பிசகினால் முதலிலிருந்து தொடங்குகிறவர். தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவிய சுத்தம், முறிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்ப ஒளு எடுத்துத் தொழுகை நேரத்தையே தவறவிடுகிறவர். அவர்கள் இதை வஸ்வாஸ் என்பார்கள், மார்க்க அறிஞர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த விஷயம். தேவாலயத்தில் சொன்ன பாவத்தையே மறுபடி மறுபடி பாவமன்னிப்பில் சொல்கிறவர். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சந்நிதியில் நிற்கும்போது சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் தானாக வந்து விழுவது. அந்த ஆளுக்கு அது அருவருப்பு. யாரிடமும் சொல்லமுடியாது, சொன்னால் எல்லோரும் தன்னை என்ன நினைப்பார்கள்? வேண்டாத எண்ணம் எல்லா மனத்திலும் வந்துபோவதுதான். அது போகவிடாமல் ஒட்டிக்கொண்டு ஆளையே தின்பதுதான் நோய். பக்தி அதிகமானவருக்குத்தான் அந்த எண்ணம் சுடும், சாமியைப் பற்றிக் கவலையே இல்லாதவரை அது தொடாது. 2016 ஆய்வின்படி இந்த ஊரில் 3.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஓசிடி வருகிறது. அவர்கள் உதவி தேடி வருவதற்கு ஆகும் காலத்தின் நடுமதிப்பு 11 ஆண்டு. பதினொரு வருடம் ஒரு ஆள் தன்னைப் பாவி என்று நினைத்துக்கொண்டே இருக்கிறார். நல்ல சிகிச்சை இருக்கிறது என்பதுதான் இதில் எரிச்சல்.

இனி மறுபக்கம். நம்பிக்கை மனநலத்துக்கு நல்லதா? பல விஷயத்தில் நல்லதுதான். அமெரிக்காவில் ஏறக்குறைய 90,000 பெண் தாதியரைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2016இல் வெளியானது. வாரம் ஒரு தடவையாவது வழிபாட்டுக்குப் போனவர்களிடம் தற்கொலை விகிதம், ஒருபோதும் போகாதவர்களிடம் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான். அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதை அப்படியே நம் கோயிலுக்குப் பொருத்தக்கூடாது என்றாலும், வாரம் ஒரு தடவை நாலு பேர் முகத்தைப் பார்க்கிற பழக்கம் ஆளைத் தாங்கும் என்பது புரிகிறது. ஆனால் எந்த மாதிரிக் கடவுளை நம்புகிறார் என்பதும் கணக்கில் வருகிறது. கஷ்டத்தில் கூட இருக்கிற கடவுள் என்றால் மனம் தேறுகிறது. தண்டிக்கிற கடவுள், கைவிட்ட கடவுள் என்று நினைப்பவர்களுக்கு மனச்சோர்வு கூடுகிறது. மத உளவியல் ஆய்வுகளில் இது பலமுறை வந்த முடிவு.

பெரியம்மா சொன்ன 48 நாள் கோயில் வாசம் பற்றி. குணசீலம் போன்ற தலங்களில் ஒரு மண்டலம் தங்குவது பழைய வழக்கம். அதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்து முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மருத்துவர்கள் வந்தபோதும் போகும்போதும் அளந்து பார்த்தார்கள். அந்தக் கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நோய்க்குறி மதிப்பெண் சராசரியாக ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. சில புதிய மருந்துகளின் பலனுக்கு இது நெருக்கம் என்று அவர்களே எழுதினார்கள். அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. காலையில் எழுந்து குளித்து, கோயிலைக் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பூஜையில் உட்கார்ந்தார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார். யாரும் அவர்களைக் கேலி செய்யவில்லை, கட்டிப்போடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. இந்த நோய் தானாகவும் ஏறி இறங்கும். ஆகவே கோயில் மருந்துக்கு மாற்று என்று யாரும் அதை வைத்துச் சொல்லமுடியாது. அன்பும் ஒழுங்கும் மட்டுமே இவ்வளவு செய்யும் என்றால், மருந்தும் சேர்ந்தால் எவ்வளவு செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதே காலத்தில், அதே தமிழ்நாட்டில்தான் ஏர்வாடித் தீவிபத்தும் நடந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்காவுக்குப் பக்கத்தில் தனியார் நடத்திய ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓடமுடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருமே வருவார்கள். நம்பிக்கையோடு கொண்டுவந்துவிட்ட குடும்பங்கள் அவை. அதன்பிறகு அங்கேயே துஆ எனும் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் சேர்ந்து கிடைக்க ஏற்பாடு நடந்தது. இந்தியாவின் 2017 மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்துவிட்டது.

எனவே பெரியம்மாவிடம் போகவேண்டாம் என்று சண்டை பிடிக்காதீர்கள், இப்போது போகவேண்டாம் என்று சொல்லுங்கள். நோயின் முதல் மாதங்கள் விலை மதிப்பானவை. சைக்கோசிஸுக்குச் சிகிச்சை தள்ளிப்போகப் போக, மீள்வது கடினமாகிறது. முதலில் டாக்டர், மருந்து, தூக்கம். தேறிய பிறகு நீங்களோ அம்மாவோ கூடவே இருந்து, மருந்துப் பையோடு போய்வாருங்கள். எந்த இடமாக இருந்தாலும், மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, அடித்தாலோ, மிளகாய்ப் புகை போட்டாலோ, பெண் பிள்ளையைத் தனி அறையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னாலோ, ஆயிரக்கணக்கில் பணம் கேட்டாலோ திரும்பிவந்துவிடுங்கள். உள்ளூரிலும் இந்தக் கூட்டம் உண்டு. கோடாங்கியிடம் கேட்டுவிட்டு போமோ எனப்படும் மலாய்க்கார மந்திரவாதியிடமும், அங்கிருந்து சீனச் சாமியாடியிடமும் போன தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரியும். நம்ம ஊரின் இன நல்லிணக்கம் இந்த விஷயத்தில் மட்டும் குறைவில்லாமல் நடக்கிறது.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. செய்வினை என்று சொன்னால் குற்றவாளி வெளியே இருக்கிறான். பிள்ளை மேலும் தப்பில்லை, பெற்றவள் மேலும் தப்பில்லை. சாமி என்று சொன்னால் அது பெருமையும்கூட. நோய் என்று நீங்கள் சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு: வளர்ப்பு சரியில்லை, பரம்பரையில் கோளாறு, இனி உனக்கும் வரன் அமையாது. உட்பிரிட்ஜ் என்ற பெயரே அந்தத் தலைமுறைக்குப் பயம். 1928இல் யோ சூ காங்கில் தொடங்கி, பிறகு அந்தப் பெயர் பெற்ற மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்குக்கு மாறி மனநலக் கழகமாகிவிட்டது. பயம் மட்டும் மாறவில்லை. ஆகவே அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். “தம்பி தூங்கி எத்தனை நாளாச்சும்மா, உடம்பு என்னத்துக்காகும்” என்று ஆரம்பியுங்கள். வளர்ப்பால் இந்த நோய் வருவதில்லை என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள். வாய்விட்டுக் கேட்கமாட்டார், ஆனால் அவருக்கு அது வேண்டும்.

தம்பியிடமும் அப்படியே. முருகன் பேசவில்லை என்று வாதாடினால் தோற்பீர்கள், அவனும் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவான். ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று நடிக்கவும் கூடாது. “எனக்குக் கேட்கலைடா, ஆனா உனக்குக் கேட்குதுன்னு புரியுது. நீ ரொம்பப் பயந்துபோயிருக்க. தூக்கத்துக்கு மட்டுமாவது டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்.” இந்த அளவு உண்மை போதும். டாக்டரிடம் போனதும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும், விரதம், மந்திரம், தாயத்து உட்பட. அருள் வருவது என்றால் என்ன என்று தெரியாத இளம் மருத்துவர் ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து நோய்க்குறி என்று எழுதக்கூடும். அப்போது நீங்கள்தான் குறுக்கிட்டு, எங்கள் குடும்பத்தில் சாமி ஆடுவது வழக்கம், ஆனால் இவன் இப்போது இருப்பது அந்த மாதிரி இல்லை என்று பிரித்துச் சொல்லவேண்டும். நோய்க் கணிப்பில் இதைவிட உதவியான வாக்கியம் கிடைக்காது. தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்றும் கேட்கலாம், அம்மாவுக்காக.

எங்கே போவது? பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் தொடங்கினால் அங்கிருந்து சலுகைக் கட்டணத்தில் மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். மனநலக் கழகத்தில் முதல்முறை சைக்கோசிஸ் வருபவர்களுக்கென்றே 2001 முதல் ஒரு தனித் திட்டம் நடக்கிறது, உங்கள் தம்பி வயதுப் பிள்ளைகள்தான் அதில் அதிகம். 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்கள் சாட் என்ற சேவையில் ஒரு முதல் மதிப்பீடு செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரி வாடை இல்லாத இடம் என்பதால் பையன்கள் அங்கே போகச் சம்மதிப்பார்கள். ஸ்கிசோஃப்ரீனியா, பைபோலார், கடும் மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவற்றின் வெளிநோயாளர் செலவுக்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவைப் பயன்படுத்தலாம். பேசி வழி கேட்க 1771 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். குரல் அவனைச் செத்துப்போ என்றோ, யாரையாவது அடி என்றோ சொல்கிறது என்று தெரிந்தால் தேதிக்கெல்லாம் காத்திருக்காதீர்கள். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும், உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் 1767இல் பேசலாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரியிலிருந்து இங்கே குற்றம் இல்லை, போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைக்கவேண்டியதில்லை.

மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பின் ஒரு கட்டம் வரும். டாக்டர்கள் அதை அதிகம் பேசுவதில்லை. குரல் அடங்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவன் மட்டும் வாடிப்போவான். தினமும் கூடப் பேசிய ஆள் போய்விட்டான், அது முருகன் இல்லை என்றால் தான் என்ன, தன் பக்தி என்ன என்ற கேள்வியும் வரும். சிலர் இந்த இடத்தில்தான் மருந்தை நிறுத்துகிறார்கள், அந்தக் குரலைத் திரும்பக் கேட்பதற்காக. அப்போது அவனுக்குக் கோயில் வேண்டும். அன்னதானத்தில் பரிமாற விடுங்கள், சீக்கிரம் தூங்கி எழுந்து காலைப் பூஜைக்குப் போகட்டும். எந்தக் குரலும் கேட்காமலே ஆயுள் முழுக்கச் சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கிற லட்சம் பேர் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியட்டும். ஆகவே, கோயிலுக்கு விடாமல் தடுக்கவேண்டாம்.

கடைசியாகக் காவடி. இந்த வருடம் வேண்டாம். விரதத்தில் சாப்பாடும் தூக்கமும் குறையும், கூட்டமும் சத்தமும் இப்போதைக்கு அவனுக்குத் தாங்காது. பின்னாளில் அவனுக்குப் பைபோலார் நோய்க்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி, கை நடுக்கம், வாந்தி, குழப்பம் என்று போய்விடும். ரமதான் நோன்பு பிடிப்பவர்களும் இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசி, மருந்து நேரத்தை மாற்றிக்கொள்வதுண்டு. தூக்கம் சீராகி, டாக்டரும் சரி என்றால் அவன் பால்குடம் எடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் தண்ணீர் போத்தலோடு நடங்கள். நேர்த்தியைத் தள்ளிவைத்தால் முருகன் கோபிப்பாரோ என்று அம்மா கேட்பார். அதைக் கோயில் குருக்களிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு தேறியதும் செலுத்தினால் போதும் என்றுதான் எனக்குத் தெரிந்த குருக்கள் சொல்வார்கள்.